பெருந்தமனி வீக்கத்தை அளப்பது எப்படி: ஸ்டென்ட் கிராஃப்ட் வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வயிற்றுப் பெருந்தமனி வீங்கிய இருவரின் சி.டி. ஸ்கேன்கள் உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் வீக்கத்தின் உச்ச விட்டம் 58 மி.மீ. அறிக்கையைப் படித்தால் இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே அளவு. ஆனால் முதலாமவருக்குச் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே 25 மி.மீ. நீளத்துக்கு நேரான, கெடாத பெருந்தமனி மிச்சம் இருக்கிறது. மற்றவருக்கு இருப்பது 6 மி.மீ.தான், அதுவும் ஒரு பக்கமாக மடங்கியிருக்கிறது. தமனிக்கு உள்ளே விரித்து வைக்கும் செயற்கைக் குழாயான ஸ்டென்ட் கிராஃப்ட், தயார்நிலையில் கிடைப்பது, முதலாமவருக்குப் பொருந்தும். இரண்டாமவருக்குப் பொருந்தாது.

வீக்கம் எவ்வளவு பெரியது என்பதை வைத்துச் சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்கிறார்கள். எந்த கிராஃப்ட், எந்த அளவு, போட்டால் பத்து வருடம் நிற்குமா என்பதெல்லாம் வீக்கத்துக்கு மேலும் கீழும் உள்ள வீங்காத பகுதிகளின் கையில் இருக்கிறது. இந்தத் துறைக்கு வந்த புதிதில் நானும் வீக்கத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இயல்பாகவே அங்கேதான் போகும். அதைக் கொஞ்சம் மேலே, சிறுநீரகத் தமனிகளுக்கும் வீக்கத்துக்கும் நடுவே மருத்துவர்கள் ‘கழுத்து’ என்று சொல்லும் வீங்காத இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயோமெடிக்கல் அல்லது மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஆராய்ச்சிக்கும் வடிவமைப்புக்கும் அளப்பது பற்றித்தான் பேசுகிறேன். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு என்ன செய்வது என்பது அவருடைய ரத்தநாள அறுவை மருத்துவர் எடுக்கும் முடிவு.

கொஞ்சம் அடிப்படை

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியின் இயல்பான விட்டம் ஏறத்தாழ 20 மி.மீ. அது 30 மி.மீ.க்கு விரிந்தால் அனியூரிசம், அதாவது பெருந்தமனி வீக்கம் என்கிறோம். ஆண்களுக்கு 55 மி.மீ., பெண்களுக்கு 50 மி.மீ. ஆகும்போது பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்கும். வீக்கம் வெடித்துவிட்டால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை.

வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாயை வைத்துத் தைப்பது பழைய வழி. தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக மடக்கிய குழாயை உள்ளே அனுப்பி, சரியான இடத்தில் விரித்து, ரத்தம் அதன் வழியே மட்டும் ஓடுமாறு செய்வது பின்னால் வந்த வழி. 1987இல், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த கார்கிவ் நகரில், மைக்கோலா வோலோடோஸ் மார்புப் பெருந்தமனியில் இதைச் செய்தார். 1990இல் புவெனோஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குச் செய்தார்.

பாலியஸ்டர் அல்லது பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கால் ஆன துணிக்குழாய், அதைத் தாங்க நைட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) அல்லது ஸ்டீல் கம்பிச் சட்டகம். ஸ்டென்ட் கிராஃப்ட் என்பது அவ்வளவுதான். இதைத் தமனியோடு தைப்பதில்லை. ஸ்பிரிங் போல வெளிப்பக்கம் அழுத்தும் விசையும், பல வகைகளில் இருக்கும் சிறு கொக்கிகளும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. கழுத்தில் சுவரோடு சரியாக ஒட்டாவிட்டால் ரத்தம் பக்கவாட்டில் நுழைந்து மறுபடி வீக்கத்தை நிரப்பும். இந்தக் கசிவை எண்டோலீக் என்கிறார்கள். கழுத்துப் பக்கத்தில் வரும் முதல் வகைக் கசிவுதான் மிகவும் ஆபத்தானவற்றில் ஒன்று.

இதற்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? பிரிட்டனில் நடந்த ஈவார்-1 ஆய்வில் 1252 நோயாளிகள் இருந்தார்கள். முதல் 30 நாளில் திறந்த அறுவையில் 4.3 சதவீதம் பேரும், ஸ்டென்ட் கிராஃப்ட் முறையில் 1.8 சதவீதம் பேரும் இறந்தார்கள். பெரிய வெற்றி. ஆனால் அதே நோயாளிகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்தபோது, எட்டு வருடத்துக்குப் பிறகு வீக்கம் சார்ந்த மரணங்கள் ஸ்டென்ட் கிராஃப்ட் பக்கம்தான் அதிகமாக இருந்தன. உள்ளே குழாய் இருந்தும் வீக்கம் மறுபடி வெடித்ததே முக்கியக் காரணம். அறுவையில் கிடைத்த ஆதாயம் பொருத்தத்தில் கரைந்துபோனது. நாம் அளப்பது இந்த இழப்பைக் குறைப்பதற்காகத்தான்.

முதல் படி: சரியான ஸ்கேன்

எல்லா சி.டி.யும் அளப்பதற்கு உதவாது. ரத்தத்தைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில் நிறைந்திருக்கும் நேரத்தில் எடுத்த படம் வேண்டும். வெட்டின் தடிமன் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். இதில் சமரசம் செய்யாதீர்கள். 5 மி.மீ. வெட்டுகளில் 15 மி.மீ. கழுத்து மூன்றே படங்களில் முடிந்துவிடும். அதில் எந்த நுட்பமான மென்பொருளைப் போட்டாலும் இல்லாத தகவல் வராது.

படத்தின் தளத்தில் ஒரு பிக்சல் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 380 மி.மீ. அகலமான பரப்பை 512 பிக்சலாகப் பிரித்தால் ஒன்று 0.74 மி.மீ. எல்லைக்கோட்டை இரு பக்கமும் ஒரு பிக்சல் தள்ளிப் போட்டால் விட்டத்தில் ஏறத்தாழ 1.5 மி.மீ. பிழை. 24 மி.மீ. கழுத்தில் அது 6 சதவீதம். கிராஃப்டைத் தமனியைவிட 10 முதல் 20 சதவீதம் பெரிதாகத் தேர்ந்தெடுப்பதே வழக்கம் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் அலட்சியம் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

இன்னொன்று: அதிர்ச்சி நிலையில், ரத்த அழுத்தம் விழுந்துகிடக்கும்போது எடுத்த ஸ்கேனில் பெருந்தமனி சுருங்கித் தெரியும். வீக்கம் வெடித்து அவசரமாக வந்தவர்களின் படங்களை மற்றவர்களின் படங்களோடு கலக்காமல் தனியாக வையுங்கள்.

மருத்துவமனையிலிருந்து படம் வாங்கினால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். ஸ்கேன் படங்கள் வரும் டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் பெயர், எண், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். சில சமயம் படத்தின் மூலையிலேயே அச்சாகியிருக்கும். இரண்டையும் நீக்கிய பிறகே உங்கள் கணினிக்கு வர வேண்டும். அனுமதி வருவதற்குள் பழகிக்கொள்ள, சிம்வாஸ்குலர் என்ற ரத்தநாள மென்பொருள் குழுவினர் திறந்து வைத்திருக்கும் வாஸ்குலர் மாடல் ரெப்பாசிட்டரி நல்ல இடம்.

இரண்டாம் படி: தொடாமல் பாருங்கள்

மென்பொருளில் எதையும் அமுக்குவதற்கு முன் படத்தை மேலிருந்து கீழே மூன்று நான்கு தடவை உருட்டிப் பாருங்கள். குடலுக்கான தமனிகள் எங்கே பிரிகின்றன, சிறுநீரகத் தமனிகளில் எது கீழே இருக்கிறது, கூடுதலாக ஒரு சிறுநீரகத் தமனி இருக்கிறதா, உறைந்த ரத்தம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, சுண்ணாம்புப் படிவு எங்கே. ஒரு தாளில் கையால் வரைந்துவையுங்கள். பின்னால் கணினி தப்பான விடை தரும்போது உங்களை நிறுத்துவது இந்தத் தாள்தான்.

உறைவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வீக்கங்களில் பெரும்பாலும் உள்சுவரை ஒட்டி உறைந்த ரத்தம் தடிமனாகப் படிந்திருக்கும். நடுவில் ரத்தம் ஓடும் உட்குழி ஏறத்தாழ இயல்பான அகலத்திலேயே இருக்கக்கூடும். உட்குழியை மட்டும் அளந்தால் 60 மி.மீ. வீக்கம் 30 மி.மீ. குழாயாகத் தெரியும். ஆகவே இரண்டு வடிவங்கள் வேண்டும். உட்குழி ஒன்று, வெளிச்சுவர் ஒன்று.

மூன்றாம் படி: வடிவத்தைப் பிரித்தெடுப்பது

இலவசமாகக் கிடைக்கும் 3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் போதும். கான்ட்ராஸ்ட் நிறைந்த ரத்தம் பெரும்பாலும் 200 முதல் 400 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குள் (சி.டி. படத்தின் வெளிச்ச அளவு) இருக்கும். அந்த அளவில் வரம்பு வைத்தால் உட்குழி சட்டென்று வந்துவிடும். கூடவே முதுகெலும்பும் வரும், சுண்ணாம்புப் படிவும் வரும். எலும்பை வெட்டி எடுப்பது எளிது. சுவரோடு ஒட்டிய சுண்ணாம்புதான் ஏமாற்றும். அதை உட்குழியோடு சேர்த்துவிட்டால் கழுத்து அகலமாகிவிடும். அங்கே கையால்தான் திருத்த வேண்டும்.

வெளிச்சுவர் இன்னும் கடினம். உறைந்த ரத்தம், சுவர், பக்கத்துத் தசை, குடல் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். வரம்பு வைத்துப் பிரிக்க முடியாது. சில வெட்டுகளில் எல்லையை வரைந்து, இடையில் உள்ளவற்றை மென்பொருளை நிரப்பச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான டோட்டல் செக்மென்டேட்டர் போன்ற தானியங்கிக் கருவிகள் பெருந்தமனியை நிமிடங்களில் பிரித்துத் தரும். தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். உட்குழியும் உறைவும் தனித்தனியாக வேண்டும் என்ற நம் தேவையை அது தீர்க்காது.

பிரித்தெடுத்த மேற்பரப்பு படிக்கட்டு போலக் கரடாக இருக்கும். எல்லோரும் உடனே வழவழப்பாக்கும் பொத்தானை அமுக்குவார்கள். லாப்லாஸ் முறையில் வழவழப்பாக்கினால் குழாயே கொஞ்சம் சுருங்கும். டௌபின் முறையில் சுருக்கம் குறைவு. எந்த முறையானாலும், வழவழப்பாக்குவதற்கு முன்னும் பின்னும் கழுத்தின் விட்டத்தை அளந்து ஒப்பிடுங்கள். அரை மி.மீ.க்கு மேல் மாறினால் வழவழப்பின் அளவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். கடைசியாக, அந்த மேற்பரப்பை மூல ஸ்கேன் மேல் வைத்துப் பாருங்கள். அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எல்லைமேல் உட்காருகிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: நடுக்கோடு

உட்குழிக்குள் ஒரு பந்தை வைத்து, சுவரைத் தொடும்வரை ஊதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் நெடுக அப்படி ஊதிக்கொண்டே போனால் பந்துகளின் மையங்கள் ஒரு கோடாகச் சேரும். அதுதான் நடுக்கோடு. லூகா அன்டிகாவும் டேவிட் ஸ்டைன்மனும் உருவாக்கிய விஎம்டிகே மென்பொருள் இந்த அடிப்படையில்தான் நடுக்கோட்டைக் கணக்கிடுகிறது. 3டி ஸ்லைசரில் ஸ்லைசர்-விஎம்டிகே என்ற நீட்சியை நிறுவினால் நடுக்கோடு எடுக்கும் பகுதியும் குறுக்குவெட்டை ஆராயும் பகுதியும் வந்துவிடும்.

தொடக்கப் புள்ளியைக் குடல் தமனிகளுக்கு மேலேயும், முடிவுப் புள்ளிகளை இரண்டு தொடைத் தமனிகளிலும் வையுங்கள். கழுத்துக்கு ஒட்டி வைத்தால் கோட்டின் முனை வளைந்து, நாம் அளக்க வேண்டிய இடமே கெடும். வீக்கத்துக்குள் உட்குழி அகலமாகும் இடத்தில் கோடு அங்கும் இங்கும் அலையும். அந்த அலைச்சல் நோயாளியின் உடலில் உள்ள வளைவு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். நீளம் கூட்டும்போது அதுவும் சேர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: நேராக வெட்டுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் போய்விடும். புடலங்காயை நேராக நறுக்கினால் வட்ட வளையம் வரும். சரிவாக நறுக்கினால் நீண்ட வளையம் வரும். காய் அதேதான், கத்தியின் கோணம்தான் வேறு. சி.டி. இயந்திரம் உடலை எப்போதும் குறுக்காகவே வெட்டுகிறது. உள்ளே பெருந்தமனி சாய்ந்திருந்தால் நாம் பார்ப்பது சரிவாக நறுக்கிய வளையம்.

கணக்கும் எளிதுதான். 24 மி.மீ. விட்டமுள்ள வட்டக் குழாய் θ கோணம் சாய்ந்திருந்தால், குறுக்குப்படத்தில் அதன் நீண்ட அச்சு 24ஐ காஸ் θ-ஆல் வகுத்தால் கிடைக்கும். 30 பாகை சாய்ந்தால் 27.7 மி.மீ., 45 பாகையில் 33.9 மி.மீ., 60 பாகையில் 48 மி.மீ. நல்ல கழுத்து வீங்கிய கழுத்தாகத் தெரிந்துவிடும். நீளத்தில் பிழை எதிர்த்திசையில் போகும். 20 மி.மீ. கழுத்து 45 பாகை சாய்ந்திருந்தால், வெட்டுகளை எண்ணிக் கூட்டும்போது 14.1 மி.மீ. என்றுதான் வரும். 15 மி.மீ. வேண்டும் என்ற கருவிக்கு அந்த நோயாளி தகுதியற்றவர் ஆகிவிடுவார். அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை நம் கத்தியின் கோணத்தால் கைநழுவிப் போகும்.

ஆகவே ஒவ்வொரு விட்டத்தையும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தான தளத்தில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் எல்லா வெட்டும் வட்டமாக வராது. 22க்கு 28 மி.மீ. என்று நீள்வட்டமாக வந்தால் எந்த எண்ணை எழுதுவது? பரப்பளவிலிருந்து கணக்கிட்டால் 24.8, சுற்றளவிலிருந்து கணக்கிட்டால் 25.1. கிராஃப்டின் துணி சுவரைச் சுற்றி ஒட்டுவதால் சுற்றளவிலிருந்து வரும் விட்டத்தை நான் முதன்மையாக எழுதுவேன். ஆனால் குறுவிட்டத்தையும் நெடுவிட்டத்தையும் சேர்த்தே பதிவு செய்வேன். வடிவமைப்பவருக்கு 25.1 என்ற எண்ணைவிட, அங்கே வட்டம் இல்லை என்ற செய்தி பெரியது.

உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்தீர்களா, வெளிவிளிம்பிலிருந்தா? சுவர் 1.5 மி.மீ. தடிமன் என்றால் இரண்டுக்கும் 3 மி.மீ. வேறுபாடு. கிராஃப்ட் வகைகளின் பயன்பாட்டுக் கையேடுகளும் இதில் ஒன்றுபோல இல்லை. அட்டவணையின் தலைப்பிலேயே எந்த முறை என்று எழுதிவிடுங்கள். நான் வேலை செய்த ஓரிடத்தில் இரண்டு பேர் இரண்டு வருடம் சேர்த்த அளவுகளை ஒன்றாக்க முடியாமல் போனது. ஒருவர் உள்ளே அளந்திருந்தார், மற்றவர் வெளியே. அது எங்கும் எழுதப்படவில்லை. எல்லா ஸ்கேனையும் முதலிலிருந்து திறக்க வேண்டியதாயிற்று.

ஆறாம் படி: கழுத்து

இங்கே நேரம் செலவழியுங்கள். கீழே உள்ள சிறுநீரகத் தமனியின் கீழ்விளிம்பைச் சுழியம் என்று வைத்து, நடுக்கோட்டின்மேல் 0, 5, 10, 15 மி.மீ. தூரங்களில் விட்டம் எடுங்கள். ஒரே ஒரு விட்டம் எடுத்து ‘கழுத்து 24’ என்று எழுதுவது போதாது.

ஏன் போதாது என்பதற்கு ஒரு பயிற்சிக் கணக்கு. விட்டங்கள் முறையே 23.0, 23.6, 25.4, 28.8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 28 மி.மீ. கிராஃப்ட் போட்டால் மேலே அது தமனியைவிட 22 சதவீதம் பெரிது, 5 மி.மீ.யில் 19 சதவீதம், 10 மி.மீ.யில் 10 சதவீதம். 15 மி.மீ.யில் கிராஃப்ட் தமனியைவிடச் சிறியதாகிவிடும். அங்கே அது சுவரைத் தொடவே தொடாது. சரி, 32 மி.மீ. போடலாம் என்றால் 15 மி.மீ.யில் 11 சதவீதம் கிடைக்கும். ஆனால் மேலே 39 சதவீதம் பெரிதாகிவிடும். அவ்வளவு பெரிதானால் துணி உள்ளே மடிந்து, அந்த மடிப்பின் வழியாகவே ரத்தம் கசியலாம். கம்பியின் அழுத்தம் கழுத்தையே விரித்தும் விடலாம்.

அதாவது இந்தக் கழுத்தின் நீளம் 15 மி.மீ. என்று எழுதினாலும் உண்மையில் பிடிக்கக்கூடியது ஏறத்தாழ 10 மி.மீ.தான். கழுத்து எங்கே முடிகிறது என்பதற்கு ஒரு விதி வேண்டும். மேல்விட்டத்தைவிட 10 சதவீதம் கூடும் இடம் என்று வைத்தால், இங்கே 25.3 மி.மீ. வரும் இடம், அதாவது 10 மி.மீ.க்குச் சற்று முன்னால். விதி எதுவானாலும் எல்லா நோயாளிக்கும் அதையே பயன்படுத்துங்கள், ஆள் பார்த்து மாற்றாதீர்கள்.

கீழே போகப்போக விரியும் இந்த வடிவத்தைக் கூம்புக் கழுத்து என்கிறோம். தலைகீழ்க் கூம்பு, நடுவில் புடைத்த பீப்பாய், நடுவில் இடுங்கிய மணற்கடிகாரம் என்று மற்ற வடிவங்களும் உண்டு. பெயர் சூட்டுவது பேச வசதி. வடிவமைப்புக்கு அந்த நான்கு எண்களே அதிகம் பயன்படும்.

கோணம் அடுத்தது. சிறுநீரகத் தமனிகளுக்கு மேலுள்ள பெருந்தமனியின் திசை, கழுத்தின் திசை, வீக்கத்தின் திசை என மூன்று கோடுகள் வரையுங்கள். முதல் இரண்டுக்கும் இடையில் உள்ளது ஆல்ஃபா, பின்னிரண்டுக்கும் இடையில் உள்ளது பீட்டா. பல கிராஃப்ட் வகைகள் பீட்டா 60 பாகைக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. வளையங்களாகக் கம்பி வைத்த ஏயார்ஃபிக்ஸ் என்ற வகை 90 பாகைவரை அனுமதி பெற்றது. இங்கே இரண்டு எச்சரிக்கை. நேர்கோட்டிலிருந்து 60 பாகை விலகியதைச் சிலர் 120 பாகை என்று, அதாவது உள்கோணமாக எழுதுவார்கள். பழைய தரவுகளைச் சேர்க்கும்போது இது கண்டிப்பாக இடிக்கும். அடுத்து, திசைக்கோட்டை எவ்வளவு நீளத்தில் பொருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கோணம் மாறும். 10 மி.மீ.யா, 20 மி.மீ.யா என்று எழுதிவையுங்கள்.

கழுத்தின் சுற்றளவில் எத்தனை பங்கு உறைவு மூடியிருக்கிறது, எத்தனை பங்கு சுண்ணாம்பு, எவ்வளவு தடிமன் என்பதையும் பதிவு செய்யுங்கள். உறைந்த ரத்தத்தின்மேல் உட்காரும் கிராஃப்ட் ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரிதான். விட்டம் எவ்வளவு அழகாக வந்தாலும் பிடிமானம் சந்தேகம்.

இலியாக் தமனிகளும் கிளைகளும்

பெருந்தமனி கீழே இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிப் போகும் கிளைகள்தான் இலியாக் தமனிகள். கீழ்முனையிலும் இதே வேலைதான், விரைவாகச் சொல்கிறேன். பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடம் வரை நீளம், அங்கிருந்து உள் இலியாக் தமனி பிரியும் இடம் வரை நீளம், கிராஃப்டின் இரண்டு கால்களும் பதியும் இடத்தின் விட்டங்கள், வழி நெடுக மிகக் குறுகிய விட்டம். கருவியை உள்ளே கொண்டுபோகும் உறையின் அளவு ஃப்ரெஞ்ச் என்ற அலகில் இருக்கும். மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மி.மீ. 18 ஃப்ரெஞ்ச் என்றால் 6 மி.மீ. தமனி அதைவிடக் குறுகலாக, சுண்ணாம்பும் படிந்து, வளைந்தும் இருந்தால் கழுத்து எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. வளைவைச் சொல்ல, நடுக்கோட்டு நீளத்தை இரு முனைகளுக்கு இடையிலான நேர்தூரத்தால் வகுப்பது போதுமான தொடக்கம். கடினமான வழிகாட்டிக் கம்பி உள்ளே போகும்போது இலியாக் தமனி நிமிர்ந்துவிடும் என்பதால், ஸ்கேனில் அளந்த நீளமும் அறுவை மேசையில் இருக்கும் நீளமும் ஒன்றாக இருக்காது.

கழுத்து குட்டையாக இருப்பவர்களுக்குத் துணியில் துளை வைத்து, சிறுநீரகத் தமனிகளுக்கு வழிவிட்டு, கிராஃப்டை மேலே ஏற்றிப் பதிக்கும் முறை உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் 1990களில் இதை வளர்த்தெடுத்தார்கள். அதற்குக் கிளையின் உயரம் மட்டும் போதாது, எந்தத் திசையில் பிரிகிறது என்றும் வேண்டும். கடிகார முகம்போலச் சொல்வார்கள். வயிற்றுப் பக்கம் 12 மணி. 24 மி.மீ. குழாயின் சுற்றளவு 75 மி.மீ. என்பதால் ஒரு மணி நேரப் பிழை 6 மி.மீ.க்கு மேல் தள்ளிவிடும். சிறுநீரகத் தமனியின் வாயே ஏறத்தாழ அவ்வளவுதான். கால் மணிக்கு மேல் பிழை வராமல் அளக்கப் பழகுங்கள்.

ஏழாம் படி: உங்களையே அளந்து பாருங்கள்

இருபது ஸ்கேன்களை அளந்து, இரண்டு வாரம் மூடிவைத்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி அளக்கவும். பக்கத்தில் இருப்பவரையும் தனியாக அளக்கச் சொல்லவும். தொடர்புக் குணகம் 0.98 வந்தது என்று திருப்திப்படாதீர்கள். எப்போதும் 3 மி.மீ. கூட்டி அளப்பவரோடும் அந்தக் குணகம் உயர்வாகத்தான் வரும். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை, அவற்றின் சராசரிக்கு எதிராகப் புள்ளியிட்டுப் பாருங்கள். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் சொன்ன வழி இது. சராசரிப் பிழை எவ்வளவு, சிதறல் எவ்வளவு என்று நேராகத் தெரியும். கிராஃப்ட் அளவுகள் பொதுவாக 2 முதல் 4 மி.மீ. இடைவெளியில் கிடைக்கின்றன. உங்கள் சிதறல் அதைவிடப் பெரிதாக இருந்தால், இன்னும் ஒரு நோயாளியின் அளவைக்கூட வடிவமைப்புக்கு அனுப்ப வேண்டாம். முந்தைய படிகளுக்குத் திரும்புங்கள்.

எண்களிலிருந்து கிராஃப்டுக்கு

அளந்தாகிவிட்டது, இனி சராசரி எடுத்து அதற்கு ஒரு கருவி செய்யலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கழுத்து நீளம், விட்டம், கூம்பு, கோணம், இலியாக் விட்டம் ஆகிய ஐந்திலும் சராசரியாக இருக்கும் நோயாளியைத் தேடிப் பாருங்கள், அநேகமாக ஒருவரும் கிடைக்க மாட்டார். எந்த அளவு எந்த அளவோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் பயனுள்ள கேள்வி. குட்டையான கழுத்து மடங்கியும் இருக்கிறதா? அப்படியானால் இரண்டையும் ஒரே கருவி தாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பு வைத்துச் சோதித்தால் அந்தச் சேர்க்கை பரிசோதனைக்கே வராமல் போய்விடும்.

இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரை ஸ்டென்ட் கிராஃப்ட் போட்ட 10,228 பேரின் ஸ்கேன்களை 2011இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. கையேட்டின் மிகக் கண்டிப்பான வரம்புக்குள் இருந்தவர்கள் 42 சதவீதம்தான். ஐந்து வருடத்தில் 41 சதவீதம் பேருக்கு வீக்கப் பை மேலும் பெருத்தது. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, வடிவத்தை வைத்துப் பார்த்தால் இந்தச் சிகிச்சைக்குத் தகுதி பெறும் ஆண்கள் 54 சதவீதம், பெண்கள் 34 சதவீதம் என்றது. பெண்களுக்குக் கழுத்து குட்டையாகவும் கோணலாகவும், இலியாக் தமனி ஒல்லியாகவும் இருப்பது அதிகம். அவர்கள் உடலில் குறை என்று இதைப் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கருவிகள் யாருடைய அளவுகளை வைத்துச் செய்யப்பட்டன என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. ஹாங்காங்கில் சீன நோயாளிகளை அளந்தபோது பொது இலியாக் தமனி குட்டையாக இருந்ததும் இப்படிப்பட்ட செய்திதான். நம் ஊர் நோயாளிகளின் கழுத்தையும் இலியாக்கையும் மேலே சொன்ன கண்டிப்போடு அளந்து வெளியிடுவது, இங்கே ஒரு சின்ன ஆய்வகம்கூடச் செய்யக்கூடிய வேலை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

கொஞ்சம் கணிதம் தெரிந்தவர்கள், எல்லா நோயாளியின் மேற்பரப்பையும் ஒரே எண்ணிக்கையுள்ள, ஒன்றுக்கொன்று பொருந்தும் புள்ளிகளாக மாற்றி, முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு செய்யலாம். வடிவங்கள் எந்தெந்த வழியில் மாறுகின்றன என்பதை அது வரிசைப்படுத்தித் தரும். புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது சுழற்சியையும் இடப்பெயர்ச்சியையும் மட்டும் நீக்குங்கள். பல மென்பொருள்கள் அளவையும் தானாகச் சமன் செய்துவிடும். அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள். 20 மி.மீ. கழுத்தும் 30 மி.மீ. கழுத்தும் ஒன்றாகிவிட்டால் நமக்கு என்ன மிச்சம்?

பிறகு அந்த வடிவ வெளியின் ஓரங்களிலிருந்து ஐந்தாறு வடிவங்களைத் தேர்ந்தெடுத்துச் சிலிகான் மாதிரிகள் செய்து, அவற்றில் கிராஃப்டை விரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள வடிவம் எல்லாக் கருவியையும் நல்ல கருவியாகவே காட்டும்.

கிராஃப்ட் போட்ட பிறகு

பலர் அறுவைக்கு முந்தைய ஸ்கேனோடு நிறுத்திவிடுகிறார்கள். வடிவமைப்பவருக்கு அதிகம் கற்றுத் தருவது பிந்தைய ஸ்கேன்தான். முதல் மாத ஸ்கேனிலும் ஒரு வருட ஸ்கேனிலும், கீழுள்ள சிறுநீரகத் தமனியின் கீழ்விளிம்பிலிருந்து துணியின் மேல்விளிம்பு வரை நடுக்கோட்டில் தூரம் எடுங்கள். 10 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் இடம்பெயர்ந்துவிட்டது என்று எண்ணுவது வழக்கம். ஆனால் 12 மி.மீ. கழுத்தில் 4 மி.மீ. நகர்வே பிடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதாகும். ஆகவே நகர்ந்த தூரத்தோடு, இன்னும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளத்தையும் எழுதுங்கள்.

வீக்கப் பையைப் பொறுத்தவரை விட்டத்தோடு நிற்காமல் கன அளவையும் எடுங்கள். உருண்டை என்று வைத்துக்கொண்டால் விட்டம் 55இலிருந்து 58 மி.மீ. ஆவது 5 சதவீத மாற்றம்தான், அளவுப் பிழைக்குள் மறைந்துபோகும். கன அளவில் அதுவே 17 சதவீதம். வெளிச்சுவரை மூன்றாம் படியில் பொறுமையாகப் பிரித்து வைத்திருந்தால் இந்த எண் ஒரு நொடியில் கிடைக்கும். முதல் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஒரே ஆள், ஒரே விதிப்படி அளந்ததா என்பதை மட்டும் அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்த்துவிடுங்கள்.